மழை வரும் போலிருக்கும் நாளில் மலை அருவிக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர்கள் ஐந்து பேர். அதில் இருவருக்கு மலையேற்றம் இதுவே முதல் முறை. ஏழு கிலோமீட்டர் ஏறினால் அருவி, போன வழியே திரும்ப வேண்டும். ஏற்றம் சுமார் 600 மீட்டர். அருவியிலிருந்து வரும் ஓடையைப் பாதை இரண்டு இடங்களில் கடக்கிறது. இரண்டிலும் பாலம் இல்லை, தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அன்று பிற்பகல் இடியுடன் மழை பெய்ய 40 சதவீத வாய்ப்பு என்கிறது வானிலை அறிக்கை. காலை ஒன்பது மணிக்கு நிதானமாகக் கிளம்பலாம் என்கிறார்கள் நண்பர்கள். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்திருப்பது அந்த ஒரு நாள்தான். போகலாமா, மழைக்கோட்டு இருந்தால் சமாளித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி மழைக்கோட்டில் முடிந்தாலும் அதற்குள் இருப்பது வேறொன்று. நனைவதற்காக யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. ஏறத் தொடங்கிய பிறகு வானம் மாறினால் எதுவரை போகலாம், எங்கே நின்று திரும்ப வேண்டும், அதை யார் சொல்வது என்பதில்தான் உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. குழுக்களை மலைக்கு அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் வேலை. காட்டில் முதலுதவி செய்யவும் ஓடும் நீரில் சிக்கியவரை மீட்கவும் முறைப்படி பயிற்சி பெற்றிருக்கிறேன். என் பதில் இது: போகலாம், ஆனால் விடியும்போதே புறப்பட வேண்டும்; திரும்பும்போது ஓடையை இரண்டு இடங்களிலும் நண்பகலை ஒட்டிக் கடந்துவிட வேண்டும்; தண்ணீர் ஏறியிருந்தால் கடப்பதில்லை என்பதை ஐந்து பேரும் கிளம்பும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்குத்தான் கிளம்ப முடியும் என்றால் அன்று ஓடை குறுக்கிடாத வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் அந்த 40 சதவீதம். அறிக்கை குறிப்பிடும் பகுதியில் ஏதேனும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் அங்கே அளவிடத்தக்க மழை விழுவதற்கான வாய்ப்பு பத்துக்கு நான்கு என்று பொருள். நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள்; அது தவறு. எவ்வளவு பெய்யும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. ஐந்து நிமிடத் தூறலும் ஒரு மணி நேரப் பேய்மழையும் அதில் ஒன்றுதான். அதோடு, கைபேசிச் செயலிகள் காட்டும் கணிப்பு பெரும்பாலும் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களுக்கானது. ஒரு முகடும் அதன் இரு பக்கப் பள்ளத்தாக்குகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அடிவாரத்து ஊரின் பெயரைத் தட்டிப் பார்க்கும் கணிப்பு அருவிக்கு மேலே உள்ள சரிவுக்கும் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

மலை தனக்கென்று மழையை உண்டாக்கிக்கொள்ளும். சரிவில் மோதும் காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. காலை வெயிலில் சரிவுகள் சூடாகும்போது இந்த ஏற்றம் இன்னும் வேகம் பிடிக்கும். அதனால்தான் பல மலைகளில் காலை தெளிவாக விடிந்து, பத்துப் பதினொரு மணிக்குச் சிறு வெண்மேகங்கள் தலைகாட்டி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடி இடிக்கிறது. மேகத்தின் விளிம்பு கூர்மையாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயரம் கூடிக்கொண்டு போனால் அது வளர்கிறது. முற்பகலிலேயே அப்படி வளரத் தொடங்கிவிட்டால் அன்றைய இடிமழைக்குப் பிற்பகல்வரை காத்திருக்கும் பொறுமை இருக்காது. இந்தக் காலை, பிற்பகல் கணக்கு வெயிலால் உருவாகும் மழைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் பெய்யும் பருவமழைக்கும் தாழ்வழுத்த மழைக்கும் அது பொருந்தாது. அப்படிப்பட்ட நாளில் விடியலில் கிளம்புவதாலும் பயனில்லை. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், போகாதீர்கள்.

அறிக்கையில் பலர் பார்க்கத் தவறுவது முந்தைய மூன்று நாள் மழையை. காய்ந்த மண் முதல் மழையில் கணிசமான பங்கைக் குடித்துவிடும். ஏற்கெனவே ஊறிப்போன மண்ணால் அது முடியாது; விழும் நீரெல்லாம் நேராக ஓடைக்கு வரும். அதே 20 மில்லிமீட்டர் மழை, வறண்ட வாரத்தில் ஓடையைக் கொஞ்சம் கலக்கிவிட்டுப் போகும். மூன்று நாள் மழைக்குப் பிறகு அதே அளவு மழை ஓடையைக் கடக்க முடியாதபடி ஆக்கிவிடும். வரும் மழையைப் பற்றி மட்டும் கேட்காமல் வந்த மழையையும் கேளுங்கள்.

இப்போது இந்தப் பதிலின் மையத்துக்கு வருகிறேன். உங்கள் தலையில் விழும் மழையைவிட, உங்கள் கண்ணுக்குத் தெரியாத மேட்டில் விழும் மழையே ஆபத்து. ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் சரிவுகள் முழுவதையும் சேர்த்து நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லட்சம் லிட்டர். ஐந்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 25 கோடி லிட்டர். அதில் பாதியை மண் குடித்துவிட்டாலும், மீதி நீங்கள் நிற்கும் அந்த ஒற்றைப் பள்ளத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். மலைச்சரிவு செங்குத்தாகவும் பாறையாகவும் இருந்தால் அது வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

இதை ஏதோ பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆன்டிலோப் என்ற குறுகிய பாறைப் பிளவுக்குள் நடந்துகொண்டிருந்த பதினொரு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பிளவுக்கு மேலே பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை. 1999 ஜூலை 27 அன்று ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செட்டன் பள்ளத்தாக்கு ஓடையில் இறங்கியிருந்த குழு ஒன்றில் 21 பேர் மாண்டார்கள். அங்கும் மேலே பெய்த இடிமழையே காரணம். இறந்தவர்களில் மூன்று பேர் வழிகாட்டிகள். தொழில் தெரிந்தவர் உடனிருந்தாலே போதும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கடைசி வரியை நான் எப்போதும் சொல்வதுண்டு.

அப்படியென்றால் ஓடையை எப்படிக் கவனிப்பது? ஏறும்போது முதல் கடவில், அதாவது பாதை ஓடையைக் கடக்கும் முதல் இடத்தில், ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீருக்குள் பாதி முழுகி, தலை மட்டும் வெளியே தெரியும் நல்ல கனமான பாறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீர்மட்டம் அதில் எங்கே தொடுகிறது, எந்தப் பாசிக்கோடு வரை ஈரம், எந்த விரிசல் வெளியே தெரிகிறது என்று பார்த்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அக்கரையில் ஒரு மரமும் விழ வேண்டும். அப்போதுதான் திரும்பி வரும்போது அதே கோணத்தில் நின்று ஒப்பிட முடியும். இரண்டாவது கடவிலும் இதையே செய்யுங்கள். பிற்பகலில் களைத்து வந்து நின்று "காலையிலும் இவ்வளவுதானே இருந்தது" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். நம் நினைவு நாம் விரும்பும் பக்கம் சாய்ந்துவிடும், படம் சாயாது.

ஓடை மாறப்போகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்குத் திரும்புவது. இலைகளும் சுள்ளிகளும் திடீரென்று கூட்டமாக மிதந்து வருவது. ஈர மண் வாடை. சலசலப்பு தடித்து உறுமலாக மாறுவது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டால், மனிதனைச் சாய்க்கப் போதுமான வேகம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். இவற்றில் எது தெரிந்தாலும் காரணம் ஆராயாமல் கரையை விட்டு மேட்டுக்கு ஏறுங்கள். இதற்கு நேரெதிரான இன்னோர் அடையாளம் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது தண்ணீர், மண், மரம், பாறை எல்லாம் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் கடவில் யாரும் இருக்கக் கூடாது.

எவ்வளவு ஆழம் வரை கடக்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆழம் பாதிக் கதைதான். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே நின்றுகொண்டிருக்கும் ஒருவரைச் சாய்த்துவிடக்கூடும் என்று வெள்ள எச்சரிக்கைகளில் சொல்வது இதனால்தான். நான் குழுக்களுக்கு வைத்திருக்கும் விதி எளிமையானது: அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும், முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், கடவுக்குக் கீழே அருவியோ பாறை இடுக்கோ விழுந்த மரமோ இருக்கக் கூடாது. இதில் ஒன்று இல்லையென்றாலும் கடப்பதில்லை. புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு இது போதும்.

கடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷூவைக் கழற்ற வேண்டாம். ஈரமான ஷூவை விட வெட்டுப்பட்ட பாதம் பெரிய தொல்லை. ஓடை விரிந்து ஆழமில்லாமல் ஓடும் இடத்தில் கடங்கள். குறுகலான இடம் கிட்டத்தில் தெரிந்தாலும் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கையில் ஒரு கம்பை ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். மூன்று பேர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நகர்வது தனியாகக் கடப்பதைவிட உறுதி. கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. விழுந்தால் கயிறு இறுகி, நீரின் விசை ஆளைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும். இதுவரை சொன்னதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு கிடையாது. முதுகுப்பையின் பட்டைகளைப் பற்றி மட்டும் பயிற்சியாளர்களிடம் இரு கட்சி உண்டு. விழுந்தால் உடனே உதறிவிட ஏதுவாக எல்லாக் கொக்கிகளையும் கழற்றிவிடச் சொல்கிறது ஒரு தரப்பு. பை சிறிது நேரம் மிதக்கும், அதைவிட்டுவிடாதே என்கிறது மற்றொன்று. ஒரு நாள் பயணத்தின் சிறிய பைக்கு முதல் வழியே நல்லது என்பது என் எண்ணம். மற்றதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் முன்னே நீட்டி மிதக்க வேண்டும். நடுவில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். கரையில் இருப்பவர்கள் கம்பையோ துணியையோ நீட்டலாம், கயிற்றை வீசலாம். பின்னால் குதிக்க வேண்டாம். நண்பனைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்துபோவது தண்ணீர் விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. இதைப் படிக்கும்போது மனம் ஒப்புக்கொள்ளும். கண்ணெதிரே நடக்கும்போது ஒப்புக்கொள்ளாது. ஆகவே முன்பே பேசி வையுங்கள்.

திரும்பும்போது ஓடை ஏறியிருந்தால்? காத்திருங்கள். மலையோடைகள் எவ்வளவு சீக்கிரம் ஏறுகின்றனவோ, மழை நின்ற பிறகு பெரும்பாலும் அதே போலச் சில மணி நேரத்தில் வடியவும் செய்யும். இருட்டிவிட்டால் அக்கரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நனைந்து, நடுங்கி, பசியோடு ஒரு இரவு மேட்டில் உட்கார்ந்திருப்பது கொடுமைதான், ஆனால் பிழைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரையும் அதற்கு ஆயத்தமாகக் கூட்டிச் செல்லுங்கள். ஆளுக்கொரு டார்ச், கூட்டமாக உட்காரப் போதுமான பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு வேளை கூடுதல் உணவு, தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு மாற்று மேலாடை. இவ்வளவு இருந்தால் காத்திருக்கத் துணிவு வரும். இல்லாதவர்கள்தான் இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று பதறித் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இனி நேரம். ஒன்பது மணி ஏன் ஒத்துவராது என்று உங்கள் நண்பர்களிடம் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பாதைக்கு இது 2 மணி 24 நிமிடம் வருகிறது. ஆனால் அந்த விதி நல்ல பாதையில் நடந்து பழகியவர்களுக்கு, அதுவும் ஓய்வைச் சேர்க்காமல். முதல் முறை வருபவர்கள், ஈரமான பாதை, இரண்டு கடவுகள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மடங்கு வைப்பேன். மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரையை ஒட்டி அருவியில் இருப்பீர்கள். முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினால் கடைசிக் கடவை நண்பகல் வாக்கில் தாண்டிவிடலாம். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அதே கடவில் கால் வைப்பது மூன்று மணிக்கு மேல். இடிமழைக்கு மிகவும் தோதான நேரத்தில். இறக்கம் வேகமாக முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தொடை தளர்ந்திருக்கும் நேரத்தில் ஈரமான வேர்களிலும் பாசிப் பாறைகளிலும் இறங்கும்போதுதான் கணுக்கால்கள் பிசகுகின்றன. அருவியை எட்டாவிட்டாலும் பத்தரை மணிக்குத் திரும்புவது என்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அருவியில் செய்யக்கூடாதவை பல. மூன்றை மட்டும் சொல்கிறேன். அருவியின் தலைக்கு ஏறாதீர்கள். மேலிருந்து படம் எடுக்க விளிம்புக்குப் போய் வழுக்கி விழுபவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இருப்பதில்லை. நீர் தேய்த்து மழமழப்பாக்கிய பாறையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசி படிந்திருக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நம்ப முடியாது. விழும் நீருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். மழை பெய்த நாட்களில் நீரோடு கல்லும் கிளையும் சேர்ந்து விழும். தடாகத்தில் குதிக்காதீர்கள். அருவி விழும் இடத்தில் வெண்ணுரையாகத் தெரிவதில் கணிசமான பங்கு காற்று. காற்று கலந்த நீரின் அடர்த்தி குறைவு, ஆகவே அது உடலைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே அமிழ்ந்துபோவார். கூடவே, விழும் நீர் அடியில் சுழன்று மீண்டும் உள்ளே இழுக்கும். மலைநீர் மிகவும் குளிர்ந்திருந்தால் திடீரென்று இறங்கிய கணத்தில் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். கரையோரம் கணுக்கால் அளவு நீரில் உட்கார்ந்து அருவியைப் பார்ப்பதே போதுமான இன்பம் என்பது என் அபிப்பிராயம். மது அருந்தியவரை இந்தப் பக்கமே விடாதீர்கள்.

மின்னலைப் பற்றி. ஒளியைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலும் இருக்கலாம். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியும்வரை ஆபத்து நீங்கவில்லை என்று கொள்ள வேண்டும். வெட்டவெளியில் முழுப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை. குறைந்த ஆபத்துள்ள இடம்தான் உண்டு. முகட்டை விட்டுக் கீழே இறங்குங்கள். தனி மரத்தடி வேண்டாம். பாறை முகப்பின் கீழும் ஆழமில்லாத குகை வாயிலிலும் ஒதுங்குவது மழைக்கு நல்லது, மின்னலுக்குக் கெட்டது. பாறையில் இறங்கும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்வான காட்டுப்பகுதி ஓரளவு தேவலை. ஒருவருக்கொருவர் பல மீட்டர் இடைவெளி விட்டு நில்லுங்கள். எல்லோரையும் ஒரே மின்னல் வீழ்த்தினால் உதவ ஆள் இருக்காது. தாக்கப்பட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். மின்னலால் நின்ற இதயம் அப்படிப் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. ஐந்து பேரில் ஒருவராவது இதைக் கற்றிருக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட மழைக்கோட்டு. கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அது ஓடைக்கு மருந்தில்லை. அது காப்பது உடல் வெப்பத்தை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் ஒரு மணி நேரம் நின்றால், பனி விழாத மலையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். வெப்பமானி தேவையில்லை. ஒருவர் பையின் ஜிப்பைத் திறக்கத் தடுமாறுகிறாரா, சொல் குழறுகிறாரா, சமதளத்தில் தடுக்குகிறாரா, இதுவரை கலகலப்பாக இருந்தவர் எதற்கும் பதில் சொல்லாமல் பின்னால் வருகிறாரா என்று பாருங்கள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போட்டு, தலையை மூடி, தரையிலிருந்து விலக்கி உட்கார வைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான பானம் கொடுங்கள். நடுக்கம் நின்றும் மனிதர் தெளியவில்லை என்றால் நிலைமை மோசமாகிறது. அவரை நடக்க வைக்காமல் உதவிக்கு ஆள் அனுப்புங்கள். பருத்திக்குப் பதில் செயற்கை இழை அல்லது கம்பளி உடை அணிவது இதற்காகத்தான். குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈரப்பாதையில் இரண்டு கையும் வேண்டும்.

நண்பர்கள் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பின் அறியாதவர்களைக் கூட்டிச் செல்லும்போது "திரும்புவோம்" என்று சொல்வது எனக்கு எளிது. நண்பர்களிடம் அது கடினம். இத்தனை நாள் திட்டமிட்டோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் அரை மணி நேரம்தானே என்பார்கள். பயப்படுகிறவர் கேலிக்கு அஞ்சி வாய் திறக்க மாட்டார். பெரும்பான்மை வாக்கு இங்கே உதவாது. ஐந்து பேரில் எவர் ஒருவர் "போதும், திரும்பலாம்" என்றாலும் மறுபேச்சின்றி ஐந்து பேரும் திரும்புவது என்று முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வரும் இருவரிடம் இதைத் தனியாகவும் சொல்லுங்கள். அவர்கள் சும்மா தலையாட்டாமல் நிஜமாக நம்ப வேண்டும். நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், அனுபவமுள்ளவர் கடைசியில் வரட்டும். கண்ணுக்கு எட்டாமல் யாரும் முன்னே ஓட வேண்டாம்.

மலையில் கைபேசி எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம், அதற்கு மேல் எவ்வளவு நேரம் கழித்து உதவி கேட்க வேண்டும் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு விசில் வைத்திருங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மறுபடி ஆறு என்பது மலைகளில் உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்துக் குறி. நிமிடத்துக்கு மூன்று என்பது அதற்கான பதில். இரவில் டார்ச்சிலும் இதையே செய்யலாம். ஓடை இரையும் இடத்தில் கத்தும் குரல் இருபது அடி போகாது; விசில் போகும்.

இங்கிருந்து என்னால் சொல்ல முடியாதது ஒன்றுண்டு. உங்கள் ஓடையை நான் பார்த்ததில்லை. அதன் நீர்ப்பிடிப்பு எவ்வளவு பெரியது, மேலே அணையோ மதகோ இருக்கிறதா, கடவின் அடித்தளம் மணலா பாறையா என்பதைப் பொறுத்து நான் சொன்ன நேரங்கள் எல்லாம் முன்பின் ஆகும். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் திறந்துவிடப்படலாம். ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் அந்த மலையில் தினமும் நடப்பவர் ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். மேலே மழை பெய்தால் இந்த ஓடை எவ்வளவு நேரத்தில் ஏறும்? ஏறினால் வடிய எவ்வளவு நேரம் ஆகும்? முதல் கேள்விக்கு "கால் மணி நேரம்" என்று பதில் வந்தால் முதல் கடவோடு நின்றுவிடுங்கள், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் சரி. இரண்டாவதற்கு "மறுநாள் ஆகிவிடும்" என்று வந்தாலும் அப்படியே. பாதை அதிகாரபூர்வமாக மூடப்பட்டிருந்தால் இந்தக் கேள்விகளுக்கும் வேலையில்லை, திரும்பிவிடுங்கள்.